வெட்டுப்பட்ட பவுன்

காரைக்குடி

அன்புள்ள மெய்யம்மைக்கு,

ரோமானியர் பாடம் தூக்கம் வருகிறது என்று எழுதியிருந்தாய், ஆத்தா. ஏழு குன்று, ஓநாய்ப் பால், அகஸ்டஸ், நீரோ என்று வரிசையாக ஒப்பித்தால் எனக்கும் கொட்டாவிதான் வரும். முப்பது வருஷம் நானே அப்படித்தான் நடத்தினேன். பிள்ளைகள் பாவம்.

நீ ரோமில் தொடங்காதே. பக்கத்துப் புதுக்கோட்டைச் சீமையில் தொடங்கு. அங்கே கருக்காக்குறிச்சியில் 1898இல் ஒரு புதையல் கிடைத்தது. மொத்தம் 501 ரோமானியப் பொற்காசுகள். 'ஔரியஸ்' என்று பெயர். அகஸ்டஸ் காலத்துக் காசு ஒன்றின் எடை எட்டு கிராமுக்குச் சற்றே குறைவு. அப்பத்தாவிடம் சொன்னேன். "அட, ஒரு பவுன்!" என்றாள்.

அந்தக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசன் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. ஏன்? இப்போதே பதில் தேடாதே, மனசில் போட்டு வை.

ரோமில் பிளினி என்றொருவர் இருந்தார். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸைக் கறந்துகொள்கிறது என்று புலம்பி எழுதிவைத்தார். நூறு செஸ்டர்ஸ் ஒரு பொற்காசு. கணக்குப் போட்டுப் பார்: 5 லட்சம் காசு! மனுஷன் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் புதுக்கோட்டைப் புதையலில் அவர் காலத்து வெஸ்பாசியன் காசு வரை இருக்கிறது. புலம்பல் அங்கே, பொன் இங்கே.

இவ்வளவு பொன் எதற்கு? முக்கியமாக, நீ பொங்கலில் பொறுக்கி ஓரம் வைக்கிறாயே, அந்த மிளகுக்கு. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்று ஒரு துறைமுகம். அங்கே ஒரு கோயிலில் புதைந்திருந்த இந்தியப் பானைக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. அதே கரையில் குசேர் அல்-கதிம் என்ற இடத்தில் கிடைத்த பானை ஓட்டில் தமிழி எழுத்தில் 'பானை ஒறி' என்று கீறியிருக்கிறது. படித்துச் சொன்னவர் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன். ஒறி வேறொன்றுமில்லை, பூனைக்கு எட்டாமல் அப்பத்தா தயிர்ச் சட்டியைத் தொங்கவிட்ட உறிதான். கடல் கடந்து போன நம் ஆள், தன் பானையில் வீட்டுப் பேச்சை எழுதியிருக்கிறான். சீசர் கதையைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

இப்போது வெட்டுக்கு வா. அந்நிய ராஜாவின் முகம் இங்கே செல்லக்கூடாது என்று வெட்டினார்கள் என்பர் சிலர். காசாக வேண்டாம், எடைபோட்ட பொன்னாக இருக்கட்டும் என்று வெட்டினார்கள் என்பர் வேறு சிலர். எனக்கு இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது. முகத்தின் மேல்தான் கோபம் என்றால், சில காசுகளை மட்டும் வெட்டாமல் விடுவானேன்?

அரையாண்டு லீவுக்கு வா. கீழடி அருங்காட்சியகத்துக்குப் போவோம். நம் செட்டிநாட்டு வீடு மாதிரியே முற்றமும் தூணுமாகக் கட்டி, 2023இல் திறந்தார்கள். கீழடிப் பக்கம் ஓடும் அதே வைகை கடலில் கலக்கும் இடத்தில்தான் அழகன்குளம். அங்கேயும் ரோமானியக் காசும், மது வந்த ஆம்போரா ஜாடியின் உடைந்த ஓடும் கிடைத்தன. அந்த ஜாடிக்கு அடிப்பாகம் கூராக இருக்கும், தரையில் நிற்காது. கப்பலில் எப்படி அடுக்கினார்கள் என்று யோசித்துக்கொண்டு வா. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியை வைத்துப் பரிசோதிக்க அப்பத்தா விடமாட்டாள்.

அன்புடன்,
ஐயா