மூன்றணாவும் பதினைந்தணாவும்

ஆய்வுக்கூடத்தில் பத்து முறை அளந்துவிட்டுச் சராசரியை மட்டும் எழுதிக் கொடுத்தால் பேராசிரியர் ஏற்பாரா? "அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன?" என்றுதான் கேட்பார். நாட்டு வருமானத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் இக்கேள்வியை நாம் மறந்துவிடுகிறோம்.

1963-ஆம் ஆண்டு மக்களவையில் இக்கேள்வி எழுந்தது. இந்தியாவில் 27 கோடிப் பேர் நாளொன்றுக்கு 3 அணாவில் வாழ்கிறார்கள் என்றார் டாக்டர் ராம் மனோகர் லோகியா. 15 அணா என்றார் பிரதமர் நேரு. (ரூபாய்க்கு 16 அணா, 1957-இல் நயா பைசா வந்த பின்னும் பேச்சில் அணா போகவில்லை.) 15 அணா என்பது செல்வரையும் ஏழையையும் சேர்த்துக் கண்ட சராசரி. லோகியா பேசியதோ அடித்தட்டு மக்களைப் பற்றி. 3 அணா சரியான கணக்குதானா என்று வாதிடலாம். ஆனால் சராசரியைக் காட்டி அதை மறுத்தல் இயலாது.

ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஓர் ஊரில் பத்துப் பேர். ஒன்பது பேருக்கு நாள் வருமானம் 10 ரூபாய். பண்ணையாருக்கு 910 ரூபாய். சராசரி 100 ரூபாய். ஆனால் 100 ரூபாய் பெறுபவர் அவ்வூரில் ஒருவருமில்லை! பண்ணையாரின் வருமானம் இரட்டித்தால் சராசரி 191 ஆகும். மற்ற ஒன்பது வீட்டு அடுப்பிலும் மாற்றம் இராது. வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால், அவர் அப்போதும் "10 ரூபாய்" என்றே சொல்வார்.

இனி, ஏழ்மை வேறு, ஏற்றத்தாழ்வு வேறு. ஏற்றத்தாழ்வை அளக்க இத்தாலிய அறிஞர் ஜீனி 1912-இல் ஓர் அளவை வகுத்தார். எல்லாருக்கும் சமமாயின் 0; எல்லாம் ஒருவரிடமே எனில் 1-ஐ நெருங்கும். எல்லாருடைய வருமானமும் இரட்டித்தால் ஏழ்மை குறையும். ஜீனி அளவு மாறாது. ஆகவே இரண்டையும் அளத்தல் வேண்டும். மேலும், நம் நாட்டு ஏழ்மைக் கணக்குகள் குடும்பச் செலவைக் கேட்டு எடுக்கப்படுபவை. செலவாகாமல் நிலமாகவும் பங்காகவும் குவியும் செல்வம் அவற்றில் அகப்படாது.

ஏழ்மைக் கோட்டை எங்கே போடுவது? 1962-இல் ஆள் ஒருவருக்கு மாதம் 20 ரூபாய் என்று ஓர் அரசுக் குழு கூறியது. 2011-12-ஆம் ஆண்டுக்கு டெண்டுல்கர் முறைப்படி ஏழைகள் 21.9 விழுக்காடு, ஏறத்தாழ 27 கோடி. ரங்கராஜன் குழுவின் முறைப்படி 29.5 விழுக்காடு, ஏறத்தாழ 36 கோடி. முறை மாறியதும் 9 கோடிப் பேர் கோட்டின் அப்புறமும் இப்புறமும் ஆகிவிடுகின்றனர்!

ஊரைவிட்டு வந்த நாமும் இங்கு இருக்கிறோம். விடுதியில் நமக்குச் சோறு பரிமாறுபவரும் ஊரைவிட்டு வந்தவரே. இருவரையும் கூட்டிச் சராசரி போட்டால் இருவரும் நலமாயிருப்பதாகவே தோன்றும். நண்பர்களே, "தலைக்கு இவ்வளவு வருமானம்" என்று செய்தித்தாளில் படிக்கும்போது, "எந்தத் தலைக்கு?" என்று கேட்கப் பழகுவோம்.