பழைய ஃபைலைத் தேடி எடு, தங்கச்சி!

நாலு வருஷம் நன்றாக இருந்த எங்கள் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் திரும்பி வந்தபோது, கைக்குக் கிடைத்த காகிதங்களை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "முன்னாடி என்ன கீமோ, எத்தனை தடவை?" என்று டாக்டர் கேட்டார். தெரியவில்லை. "பிளாக் கொண்டுவந்தீங்களா?" அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எல்லாவற்றையும் தேடிச் சேர்க்க இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தையும் அம்மா முதுகு வலியோடு கழித்தாள். நோய் திரும்பியிருக்கும் உன் அம்மாவுக்கு அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் முறை வந்த நோய்க்கு டாக்டர் புதிதாகத் தொடங்கலாம். திரும்பி வந்த நோய்க்கு, முன்பு என்ன கொடுத்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் அடுத்த மருந்தை முடிவு செய்ய முடியும்.

1. எந்த இடம் என்று முதலில் உறுதி செய்

கங்காதர நெல்லூரிலிருந்து சித்தூர் வந்துவிட்டால் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம்தான். ஆனால் அதற்குச் சித்தூரிலும் ராணிப்பேட்டையிலும் வளாகங்கள் உண்டு. உன் அப்பாயின்ட்மென்ட் எந்த வளாகத்தில் என்று சீட்டில் பார்த்துவிட்டுப் பஸ் ஏறு. திருப்பதியில் ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. அலிபிரி பக்கம் டாடா டிரஸ்ட் கட்டி 2022-ல் திறந்த புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது.

2. பிளாக், ஸ்லைடு

டெஸ்டுக்கு எடுத்த சதையை மெழுகில் பதித்து, ஆஸ்பத்திரியின் பேத்தாலஜி பிரிவில் வைத்திருப்பார்கள். அதுதான் பிளாக். அதை மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டியது ஸ்லைடு. முதல் வைத்தியம் நடந்த இடத்தில், ஆஸ்பத்திரி நம்பரையும் ஆதார் நகலையும் வைத்து மனு கொடு. கைக்கு வரச் சில நாள் ஆகலாம். அதனால் அப்பாயின்ட்மென்ட் கிடைத்த அன்றே கொடுத்துவிடு. நம் சித்தூர் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பிளாக்கை விட்டுவிடாதே, மெழுகு இளகும். ஸ்லைடை டப்பாவில் வைத்துக் கையிலேயே எடுத்துப் போ.

3. ஒரே பக்கத்தில் முழு வரலாறு

ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு), மாத்திரை எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு தாளில் எழுது. கீமோ மருந்தின் பெயர், அளவு, எத்தனை சுற்று என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். சிவப்பு மருந்து என்கிறோமே, அந்த டாக்சோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது. அதனால் ஆயுளுக்கே இவ்வளவுதான் என்று அதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். கரண்ட் வைத்திருந்தால் எந்த இடத்தில், எத்தனை கிரே என்று கேட்டு வாங்கு. அதே இடத்தில் மறுபடி வைக்கலாமா என்று பார்க்க அந்தக் கணக்கு வேண்டும். ஸ்கேனுக்கு ரிப்போர்ட் மட்டும் போதாது, சி.டி.யும் வேண்டும்.

4. பெயர் குழப்பம்

நம் பக்கத்தில் இது பெரிய தலைவலி. தமிழில் அப்பா பெயர் இனிஷியல். தெலுங்கில் எழுதிய கார்டில் வீட்டுப் பெயர் முன்னால் நிற்கும். ஒரே ஆளுக்கு இரண்டு பெயரில் ரிப்போர்ட் இருந்தால் சேர்த்துப் பார்ப்பது கஷ்டம். ஆதாரில் உள்ள எழுத்துக்களையே எல்லா இடத்திலும் கொடு.

5. வலியை அம்மாவின் வார்த்தையில் சொல்

"வலிக்குது" என்பதோடு நிறுத்தாதே. குத்துகிறதா, எரிகிறதா, குடைகிறதா, மரத்துப் போகிறதா? நரம்பு வலிக்குத் தரும் மருந்து வேறு, எலும்பு வலிக்குத் தருவது வேறு. எந்த நேரம், எப்படிப் படுத்தால் கூடுகிறது என்று ஒரு வாரம் குறித்து வை. திடீரென்று கால் பலமிழந்தாலோ, சிறுநீர் வராமல் போனாலோ அப்பாயின்ட்மென்ட் நாளுக்குக் காத்திருக்காதே. அன்றே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போ.

6. நாட்டு மருந்தை மறைக்காதே

லேகியம், கஷாயம், பொடி எதுவானாலும் பாட்டிலோடு காட்டு. சில மருந்துகள் கீமோவோடு ஒத்துப்போகாது. சர்க்கரை, பி.பி. மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போ.

7. எழுதிக்கொண்டு போக வேண்டிய கேள்விகள்

பழைய இடத்திலேயே வந்திருக்கிறதா, வேறு உறுப்புக்கும் போயிருக்கிறதா?

மறுபடியும் சதை டெஸ்ட் வேண்டுமா? (மார்பகப் புற்றுநோயில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 முடிவுகள் முதல் தடவை இருந்தது போலவே இருக்கும் என்பதில்லை.)

இந்த வைத்தியம் முழுசாகக் குணமாக்கவா, கட்டுக்குள் வைக்கவா?

எத்தனை நாளைக்கு ஒருமுறை வர வேண்டும், மொத்தம் என்ன செலவாகும்?

வலிக்கு பேலியேட்டிவ் கேர் பிரிவை இப்போதே பார்க்கலாமா? (கடைசிக் காலத்துக்கு மட்டும் என்று நினைக்காதே. கீமோ நடக்கும்போதே அங்கே போகலாம்.)

8. கார்டும் காசும்

ரைஸ் கார்டு, ஆதார், அரசின் வைத்திய சேவைக் கார்டு மூன்றையும் எடுத்துக்கொள். அந்தச் சேவைக் கார்டை நாம் இன்னும் ஆரோக்கியஸ்ரீ என்றுதான் சொல்கிறோம். நீ போகும் ஆஸ்பத்திரியில், அம்மாவின் வைத்தியத்துக்கு அது செல்லுமா என்று புறப்படும் முன்பே 104-க்குப் போன் போட்டுக் கேள். மாநில எல்லை தாண்டிப் போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

9. அம்மாவைத் தள்ளி வைத்துப் பேசாதே

நைனாவும் மாமாவும் டாக்டரோடு தனியாகப் பேச, அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை நம் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறாள் என்று முந்தின இரவே அவளிடம் கேட்டுவிடு. கூட இரண்டு பேர் போங்கள்: ஒருவர் பேச, ஒருவர் எழுத.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கத்தை மனதில் வைத்திருந்தவர் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார், வெறும் 12 படுக்கைகளோடு. நம்மால் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. ஒரு ஃபைலை ஒழுங்காக அடுக்க முடியும். இன்று ராத்திரி சமையல் முடிந்ததும் பீரோவிலிருந்து அதை எடுத்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அடுக்கு. கேள்விகள் எழுதும் தாளில் முதல் கேள்வியை மட்டும் அவளையே சொல்லச் சொல்லி எழுது. டாக்டர் முன்னால் அதை அவளே கேட்கட்டும்.