போக ஏழு மணி நேரம், வர இரண்டா?

காமலாபுரத்தில் விமானம் இறங்கும் சத்தம் ஓமலூர்க்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆனாலும் கடல் தாண்டிப் போக சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களுக்குப் போய்த்தான் ஏற வேண்டும். அந்தப் பயணத்தைப் பற்றி நம் பக்கம் புழங்கும் கணக்குகள் சிலவற்றைத் திருத்த வேண்டியிருக்கிறது.

“சென்னையிலிருந்து சிங்கப்பூர் போக ஏழு மணி நேரம், திரும்பி வர இரண்டு மணி நேரம்.” டிக்கெட்டில் உள்ள நேரங்களை அப்படியே கழித்தால் இப்படித்தான் வரும். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊருடையது, இறங்கும் நேரம் இறங்கும் ஊருடையது. சிங்கப்பூர்க் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தூரம் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். போனாலும் வந்தாலும் வானத்தில் இருப்பது நாலு, நாலரை மணி நேரம்தான். இன்சுலின் போட்டுக்கொள்ளும் அப்பா அம்மாவை அனுப்பி வைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இறங்கிய ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து அடுத்த ஊசியைப் போட்டுவிடக் கூடாது. எத்தனை மணி நேரம் கழிந்தது என்று எண்ணி, கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

“பூமி கிழக்கே சுழல்கிறது, மேற்கே பறந்தால் ஊர் எதிரே வந்துவிடும்.” வராது. ஓடும் சேலம் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை மேலே தூக்கிப் போட்டால் திரும்பக் கையில்தான் விழும். பூமியோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது, அதில் மிதக்கும் விமானமும் சுழல்கிறது. நேரத்தைக் கூட்டிக் குறைப்பது உயரத்தில் வீசும் காற்று. 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ள, நியூயார்க்கிலிருந்து ஒரு விமானம் அட்லாண்டிக்கைத் தாண்டி ஐந்து மணி நேரத்துக்குள் லண்டன் போய்ச் சேர்ந்தது. அங்கே அந்தக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுவது. நம் தலைக்கு மேலே தென்மேற்குப் பருவத்தில் இதற்கு நேர்மாறு: மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம் 1958-இல் இதை விளக்கி எழுதினார். ஆடி மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து வருபவருக்கு அது துணைக்காற்று, போகிறவருக்கு எதிர்க்காற்று.

“பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போக இரண்டரை மணி நேரம்தான் காட்டுகிறது” என்று வியப்பவர்களும் உண்டு. குளிர்காலத்தில் பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி 16 மணி நேரம் பறந்தால், அங்கே அதே நாள் மாலை 4.30. கடிகார வித்தியாசம் பதின்மூன்றரை மணி நேரம்.

தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர். சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் குறுக்குவழி கிடைக்காது. உருண்டையைத் தட்டையாக்கிய படம் அது. பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது நேபாளம், திபெத், சைபீரியா என்று வடக்கே ஏறி, அலாஸ்கா வழியாக இறங்கும். காற்றைப் பார்த்து விமானிகள் நூல் காட்டும் வழியை விட்டும் விலகுவார்கள். 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டிவந்த ஏர் இந்தியா விமானம், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலாகப் பறந்து பெங்களூரில் இறங்கியது.