கடல்மேற் பறக்கும் விமானத்தைக் காணும் முறை

வானத்தே செல்லும் விமானம் எவ்விடத்து நிற்கின்றதென்பதைத் தரையிலுள்ளோர் கணந்தோறும் அறிவரென்றே பலரும் எண்ணுவர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் நோக்கிப் புறப்பட்ட மலேசிய விமானம் 239 பேருடன் மறைந்தபோதே அவ்வெண்ணம் பிழையென்பது தெளிவாயிற்று.

றேடார்க் கருவி அனுப்பும் வானொலி அலைகள் நேர்கோட்டிற் செல்வன; பூமியோ உருண்டை வடிவினது. ஆதலின் 35,000 அடி உயரத்திற் பறக்கும் விமானமும், நிலையத்திலிருந்து 400 கிலோமீற்றர் அளவு தூரம் கடந்ததும் அடிவானத்தின் கீழ் மறைந்துவிடும். நடுக்கடலில் நிலையம் அமைப்பது எங்ஙனம்? விமானி வேளைக்கு வேளை தம் இடத்தை அறிவிப்பதும், விமானங்களுக்கிடையே நெடுந்தூரம் விட்டுவைப்பதுமே அங்கு வழக்கமாயிருந்தன.

பின்னர் வந்த முறையில் விமானமே தன் இடத்தைக் கூறுகின்றது. வழிகாட்டுஞ் செய்மதிகளினின்று தன் இடத்தை அறிந்து, அதனைத் தன் பெயர், உயரம், வேகம் ஆகியவற்றோடு, 1090 மெகாஹேர்ட்ஸ் அலையில், ற்றான்ஸ்பொண்டர் என்னுங் கருவியால் ஒலிபரப்புகின்றது. இடத்தைச் செக்கனுக்கு இருமுறை கூறும். ஆயின் தரையிலிருந்து கேட்போர்க்கு அடிவானம் இங்குந் தடையே. கேட்குஞ் செவியை வானத்தில் வைத்தாலென்ன என்று அறிஞர் சிந்தித்தனர். 2013இல் ஏவப்பட்ட புறோபா-வி என்னும் ஐரோப்பியச் செய்மதி அவ்வொலிபரப்பைக் கேட்டு, அஃது இயலுமெனக் காட்டிற்று. 2015இல் ஜெனீவாவிற் கூடிய உலக மாநாடு அவ்வலையைச் செய்மதிகள் கேட்டற்கும் ஒதுக்கியது. 2017 முதல் 2019 வரை ஏவப்பட்ட இரிடியம் செய்மதிகள் இச்செவியைத் தாங்கிச் சென்றன. அவற்றுள் 66, ஏறக்குறைய 780 கிலோமீற்றர் உயரத்தில், துருவங்களை அணுகிச் சுற்றுதலின் அவற்றுக்குப் புலப்படாத கடல் இல்லை. 2019 ஏப்பிரிலில் கனடிய, பிரித்தானியக் கட்டுப்பாட்டாளர் வட அத்திலாந்திக்கில் இதனைக் கையாளத் தொடங்கினர். முன் பின்னாகச் செல்லும் விமானங்களுக்கிடையே 40 கடல்மைல் விட்டவிடத்து 14 கடல்மைல் வரை குறைக்க முடிந்தது.

இனி, மாணவர் ஒன்றை நன்கு கவனித்தல் வேண்டும். செய்மதியென்னுஞ் சொல்லிலுள்ள மதி சந்திரனே, அறிவன்று. விமானம் சொன்னதைக் கேட்குமேயன்றிச் சொல்லாததை அஃது அறியாது. அம்மலேசிய விமானம் புறப்பட்டு ஏறத்தாழ 40 நிமிடங்களில் அதன் ற்றான்ஸ்பொண்டர் ஓய்ந்தது. இத்துணைச் செய்மதிகள் அன்று இருந்திருப்பினும் அதன்பின் எதனையுங் கேட்டிரா. வேறொரு தொலைத்தொடர்புச் செய்மதியுடன் மணிக்கணக்கிற்கு ஒருமுறையளவில் நிகழ்ந்த சிறு தொடர்பின் தாமதத்தையும் அலையதிர்வெண் மாற்றத்தையும் கணித்தே, அது தென் இந்து சமுத்திரத்தை நோக்கிச் சென்றதென உய்த்துணர்ந்தனர். 2015 ஜூலையில் றியூனியன் தீவில் அதன் சிறகின் ஒரு பகுதி கரையொதுங்கிற்று.

இதனாலேயே கடல்மேற் செல்லும் பெருவிமானங்களின் இடத்தை 15 நிமிடத்துக்கு ஒருமுறையேனும் அறிதல் வேண்டுமென்ற சர்வதேச விதி 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மணிக்கு 900 கிலோமீற்றர் செல்லும் விமானம் அந்த 15 நிமிடத்தில் 225 கிலோமீற்றர் சென்றுவிடும். தேடுவோர்க்கு அது மிகப் பெரிய பரப்பு. ஆகவே, புதிய பெருவிமானங்கள் ஆபத்துற்றவிடத்து நிமிடத்துக்கு ஒருமுறையேனும் தம் இடத்தைத் தாமே அறிவித்தல் வேண்டுமென்பது 2025 முதல் விதியாயிற்று. ஒரு நிமிடத்திற் செல்வது 15 கிலோமீற்றரே.