உடலுக்கும் உர அளவு உண்டு

நெற்பயிருக்குத் தழைச்சத்தை அளவுக்கு மேல் இட்டால் பயிர் கரும்பச்சையாகச் செழிக்கும். பிறகு பூச்சியும் நோயும் சேரும். கதிர் முற்றும் தருணத்தில் பயிர் சாய்ந்துவிடும். வளர்ச்சியெல்லாம் விளைச்சல் ஆகாது என்பதை விவசாயிகள் நன்கு அறிவர். மனித உடலுக்கும் இது பொருந்தும்.

தேவாரம் பகுதியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோர் முன்னாளில் சாக்குலூத்து மெட்டுப் பாதையில் நடந்தே மலையேறினர். இன்று ஜீப்பில் சுற்றுவழியாகச் சென்று வருகின்றனர். வயலில் டிராக்டர் உழுகிறது. உழைப்பு குறைந்தது, சோற்றின் அளவு குறையவில்லை. சோளமும் கம்பும் இருந்த இடத்தில் தீட்டிய அரிசி அமர்ந்துவிட்டது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு மதிப்பிட்டது.

உயிரணுவுக்குச் செல்லும் உத்தரவு

உண்ட மாவுச்சத்து சர்க்கரையாகி இரத்தத்தில் கலந்ததும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அது உயிரணுவின் மேற்புறத்தில் ஒட்டியவுடன் உள்ளே இரண்டு உத்தரவுகள் செல்கின்றன. ஒன்று, ‘சர்க்கரையை எடுத்துக்கொள்’. மற்றொன்று, ‘சத்து வந்துவிட்டது, வளர்’. வளரும் வேலையை நடத்தும் முக்கியப் புரதம் எம்டார். 1964-ல் ஈஸ்டர் தீவில் எடுத்த மண்ணின் நுண்ணுயிரிலிருந்து ராபமைசின் என்ற மருந்து கிடைத்தது. அது வளர்ச்சியைத் தடுக்கும் விதத்தை ஆராய்ந்தபோது தெரியவந்ததே இப்புரதம்.

உணவு குறைந்து உழைப்பு மிகும்போது ஏஎம்பிகே என்ற மற்றொரு புரதம் எம்டாரை அடக்கி, கொழுப்பை எரிக்கச் செய்கிறது. ஒன்று மடையைத் திறக்கிறது, மற்றது அடைக்கிறது.

மடை அடைபடாவிட்டால்

வயிற்றில் கொழுப்பு சேரச் சேர, தசையும் கல்லீரலும் இன்சுலினின் முதல் உத்தரவுக்குச் சரியாக இணங்குவதில்லை. கணையம் மேலும் சுரக்கிறது; அதனால் ஈடுகொடுக்க இயலாதபோது நீரிழிவு தோன்றுகிறது. மிகுந்துவிட்ட இன்சுலினோ ‘வளர்’ என்ற உத்தரவை ஓயாமல் அனுப்புகிறது. கொழுப்புத் திசுவும் அழற்சிப் பொருள்களைச் சுரக்கிறது. ஏற்கெனவே பழுதுபட்ட உயிரணு இருப்பின், இது களைக்கு உரமிட்டது போலாகும். பெருங்குடல், கல்லீரல், கருப்பை, மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்றுநோய் உள்ளிட்ட 13 வகைகளுக்கு மிகுந்த உடற்கொழுப்புடன் தொடர்பு உண்டு என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016-ல் அறிவித்தது. பருத்தவர் அனைவருக்கும் புற்றுநோய் வரும் என்று இதற்குப் பொருளில்லை. வரும் வாய்ப்பு கூடுகிறது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. இடுப்புச் சுற்றளவை அளந்து பார்க்கவும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது.

2. சோற்றைக் குறைத்து, கீரை, காய்கறி, மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு ஆகியவற்றைக் கூட்டவும்.

3. சாமை, குதிரைவாலியை அதிகம் தீட்டாமல் சமைக்கவும். இவையும் மாவுச்சத்தே, எனவே அளவு தேவை.

4. உழைப்புக் குறைந்தவர்கள் நாள்தோறும் அரைமணி நேரம் வேகமாக நடக்கவும். உழைக்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

5. சர்க்கரை நோய் மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது.

மானாவாரி நிலமுள்ளோர் வீட்டுத் தேவைக்கென்று ஒரு பகுதியில் சோளமும், ஊடுபயிராகத் தட்டைப்பயறும் விதைத்திடுக. விற்பதற்குப் பயிர் செய்வது போலவே, வீட்டார் உண்பதற்குப் பயிர் செய்வதும் இலாபமே.