கரிசல் நாட்டுக் கூண்டு வண்டி

வீட்டையே வண்டிமேல் ஏற்றிக்கொண்டு வழிச்செல்லும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. நெய்தல் நிலத்து உப்பை உள்நாடுகளுக்குக் கொண்டு சென்று விற்ற உமணர், மனைவி மக்களோடு வண்டியிலேயே வாழ்ந்தனர். அவர்களுடைய வண்டியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் கண்முன் நிறுத்துகின்றார். அதற்குக் கூரை உண்டு. கோழிக் கூடு உண்டு. உரல் கட்டித் தொங்கும். ஊறுகாய்ப் பானையும் உடன் வரும். கைக்குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்ட, ஆடவர் காவலாகப் பக்கத்தே நடப்பர். வழியில் அச்சு முறியுமாயின் என் செய்வது என்று எண்ணி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டிச் செல்வர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமான் மகனாகிய பொகுட்டெழினியைப் புகழ வந்த ஔவையார், அவனுக்கு இச்சேம அச்சையே உவமையாக எடுத்தார். மேடு பள்ளம் அறிந்து வண்டியோட்டியவர் அருமை புலவர்க்கும் நன்கு விளங்கியிருந்தது போலும்!

உமணர் சென்ற நெறிகள் பல மறைந்தன. ஆயினும், வண்டியில் குடும்பத்தோடு ஊர்செல்லும் வழக்கம் கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நாட்டில் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. அந்நாடு வானம் பார்த்த பூமி. கோடையில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை பெய்தாலோ, அதே மண் பசைபோற் குழைந்து காலிலும் சக்கரத்திலும் அப்பிக்கொள்ளும். ஆரக்கால்களுக்கு இடையே சேறு திரண்டு சக்கரம் சுழலாது நிற்க, வண்டியோட்டி இறங்கிக் கம்பினால் சேற்றைத் தள்ளித் தள்ளி முன்னேற வேண்டும். இத்தகைய நிலத்தில் விளைந்த பருத்தி முழுவதும் ஒரு காலத்தில் மாட்டு வண்டிகளிலேயே தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் சென்றது. 1876-ஆம் ஆண்டில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. கோவில்பட்டியும் அவ்வழியில் ஒரு நிலையமாயிற்று. நெடுந்தூரச் சுமை வண்டிக்கு அன்றே ஓய்வு தொடங்கியது எனலாம். எனினும், காட்டிலிருந்து வீட்டிற்கும், வீட்டிலிருந்து சந்தைக்கும், திருவிழாக் காலங்களில் கோயிலுக்கும் வண்டியே வேண்டியிருந்தது.

வண்டியின் உயிர்நாடி சக்கரம். நடுவே இருப்பது குடம். குடத்திற் செருகப்படுவன ஆரக்கால்கள். ஆரக்கால்களின் மறுமுனையைத் தாங்கி வட்டமாய் அமைவன வட்டைகள். பெரும்பாலும் வட்டைகள் ஆறாகவும், ஒரு வட்டைக்கு இரண்டு வீதம் ஆரக்கால்கள் பன்னிரண்டாகவும் இருக்கும். நாட்டுக் கருவேல மரம் இவ்வேலைக்குச் சிறந்தது. இன்று கரிசற்காடெங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேல் வேறு. அதனை இதனோடு மயங்கலாகாது. தச்சர் சக்கரத்தைக் கோத்து முடித்தபின், கொல்லர் பணி தொடங்கும். சக்கரத்தின் சுற்றளவினும் சிறிதே குறைந்த இருப்புப் பட்டாவை எருவரட்டிகளை அடுக்கி மூட்டிய நெருப்பிற் சிவக்கக் காய்ச்சுவர். காய்ந்த பட்டா விரியும். நால்வர் கூடி அதனைக் குறட்டாற் பிடித்துத் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்குவர். மரம் புகைந்து எரியத் தொடங்கும். அந்நொடியே குடங்குடமாய் நீரை ஊற்றினால், இரும்பு சுருங்கி மூட்டுகள் யாவற்றையும் இறுகப் பற்றிக்கொள்ளும். ஒரு நொடி தாழ்த்தாலும் மரம் கரிந்து கெடும். முந்தினாலும் பட்டா சரிவரப் பொருந்தாது. ஆணி ஒன்றையும் நம்பாது, இரும்பின் இயல்பை மட்டுமே நம்பிச் செய்யும் இத்தொழில் எளியதன்று.

கோடை வெப்பத்தில் மரம் வற்றிப் பட்டா தளர்ந்தால், சக்கரத்தைக் கழற்றி இரவு முழுதும் ஊருணி நீரில் அமிழ்த்தி வைப்பர். மரம் நீரை உண்டு பருத்து மீண்டும் இறுகும். அச்சுக்கு இடும் மை, வைக்கோற் கரியை விளக்கெண்ணெயிற் குழைத்துச் செய்தது. அச்சிலிருந்து சக்கரம் கழன்று ஓடாமற் காப்பது கடையாணி. அஃது ஒரு விரல் அளவே. ஆயினும் வண்டி பூட்டுமுன் அதனை ஒருமுறை தட்டிப் பாராத வண்டிக்காரர் இலர்.

சுமை வண்டியின்மேல் மூங்கிலை வளைத்துப் பாய் வேய்ந்தால் அது கூண்டு வண்டி. அடியில் வில்போல் வளைந்த இரும்புத் தகடுகளை அமைத்து, குலுக்கல் தெரியாமற் செய்தது வில்வண்டி. ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குச் செல்லும் குடும்பம் முதல்நாளே வண்டி பூட்டும். உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் சமுக்காளம் விரிப்பர். கட்டுச்சோறு, தண்ணீர்ச் செப்பு, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆகியவை ஏறும், முதியோரும் குழந்தைகளும் ஏறுவர், இளைஞர் நடப்பர். அருச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில், ஆற்று மணலில் வண்டிகள் வரிசையாய் அவிழ்க்கப்படும். நுகத்தடி தாழ்ந்த வண்டியின் நிழலே வீடு. மூன்று கற்களே அடுப்பு. ஆண்டுதோறும் அங்கேயே சந்தித்து, பெண் கேட்டு, திருமணம் பேசி முடித்த உறவுகளும் உண்டு.

ஆயினும், எல்லாரும் வண்டியில் ஏறினர் என்று எண்ணற்க. வில்வண்டி செல்வர்க்குரிய பொருளாயிருந்தது. செல்வம் மட்டுமோ தடை? சாதியின் பெயரால் சிலர்க்குப் பொதுவழியே மறுக்கப்பட்டது. மேற்கே திருவிதாங்கூரில், புலையர் குலத்திற் பிறந்த அய்யங்காளி என்பார் வில்வண்டி ஒன்றை வாங்கி, வெள்ளாடை உடுத்துத் தலைப்பாகை அணிந்து, 1893-ஆம் ஆண்டில் தம் இனத்தார்க்கு விலக்கப்பட்ட அரசுப் பாதையிலேயே ஓட்டிச் சென்றார். எதிர்த்தோர் பலர், அவர் அஞ்சவில்லை. வண்டி ஏறுவதே வீரச் செயலாகிய காலமும் இருந்தது. பழைய வண்டியைப் பாராட்டுவோர் இதனையும் மறத்தலாகாது.

மேலைநாட்டார் வண்டி வீட்டை இன்ப உலாவிற்கெனச் செய்துகொண்டது மிகவும் பிற்காலத்தில்தான். 1885-ஆம் ஆண்டில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர் 'வாண்டரர்' என்ற குதிரை வண்டி வீட்டைச் செய்வித்து, இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்குச் சென்றார். அது இன்றும் காக்கப்பட்டு வருகின்றது. மோட்டார் வந்தபின் குதிரை நீங்கியது. காரின் பின்னே இழுத்துச் செல்லும் வண்டி வீடுகள் அமெரிக்காவில் பெருகின. 1919-இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் அத்தகைய பயணிகள் 'தகரக்குவளைப் பயணிகள்' என்னும் வேடிக்கைப் பெயருடன் ஒரு கழகம் கண்டனர். இடையில் மறைந்த அக்கழகம் 1998-இல் மீண்டும் தோன்றியது. இம்முறை அதன் விருப்பம் பழைய வண்டி வீடுகளைத் தேடிப் பழுது நீக்கிக் காப்பதில் சென்றது. துருவேறிக் கிடந்தவற்றை மெருகேற்றி, ஓரிடத்திற் கூடி, ஒருவர் வண்டியை ஒருவர் பார்த்து மகிழ்கின்றனர்.

கரிசல் நாட்டிலும் வண்டி அன்பர் உளர். ஆனால், அவர்கள் அன்பு வண்டியைக் காட்டிலும் மாட்டின்மேல் மிகுதி. உழுவுந்தும் சரக்குந்தும் வந்தபின் வண்டிமாடுகளுக்கு வேலை இல்லை. டயர் பூட்டிய வண்டிகளும் வரவே, சக்கரத் தச்சர்க்கும் வேலை குறைந்தது. இந்நிலையில் மாட்டையும் வண்டியையும் ஒருங்கே தாங்கி நிற்பது வண்டிப் பந்தயமே. பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் விழா முதலாகச் சிற்றூர்க் கொடைகள் வரை தூத்துக்குடி மாவட்டத்திற் பல இடங்களில் அது நடைபெறுகின்றது. பெரிய மாடு, நடுமாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என வகைகள் உண்டு. எல்லா அளவும் மீட்டருக்கு மாறிய பின்னரும் பந்தயத் தூரத்தை மட்டும் மைலாலேயே சொல்லுவர். வண்டியில் அமர்ந்து ஓட்டுபவர் சாரதி; உடன் ஓடித் துணைசெய்பவர் துணைச்சாரதி. எல்லையைத் தொட்டுத் திரும்புமிடத்தில் முந்தியவர்க்குக் கொடிப்பரிசு தனியே உண்டு. ஓடும் காளைக்குப் பருத்திக்கொட்டையும் உளுந்தும் முட்டையும் ஊட்டி, நீந்தவிட்டு, நடைபயிற்றி வளர்ப்போர், தம் உணவைச் சுருக்கினும் அதன் உணவைச் சுருக்கார்.

இதில் குறையும் உண்டு. தார்க்குச்சியாற் குத்துவதும், வாலை முறுக்குவதும் விலங்கிற்குத் துன்பமன்றோ எனக் கேட்டவர் வழக்கு மன்றம் சென்றனர். 2014-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள், தமிழ்நாட்டிலும் மராட்டியத்திலும் காளைகளை ஏறுதழுவலிலோ வண்டிப் பந்தயத்திலோ ஈடுபடுத்தலாகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொட்டில்களிற் கவலை சூழ்ந்தது; ஓடாத மாட்டை வைத்துத் தீனி போட எத்தனை பேரால் இயலும்? பின்னர் 2017-இல் தமிழ்நாடு, கர்நாடகம், மராட்டியம் ஆகிய மாநிலங்கள் சட்டத்தைத் திருத்தின. அத்திருத்தங்கள் செல்லும் என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2023-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் தீர்ப்புக் கூறியது. கேட்கப்பட்ட கேள்வி நல்ல கேள்வியே. மாட்டின் முதுகில் தழும்பில்லாமல் வெல்பவரைப் பந்தய வெளியிலேயே பெரியோர் வியந்து பேசுகின்றனர்.

பந்தய வண்டி மெலிந்தது; அதற்குக் கூண்டில்லை; நால்வர் ஏறவும் இடமில்லை. குடும்பத்தைச் சுமந்த கூண்டு வண்டியோ திருமண ஊர்வலத்திற்கும், பொங்கல் விழாக் காட்சிக்கும் எப்போதேனும் வெளியே வருகின்றது. அதன் உறுப்புகளின் பெயர்களும் வழக்கொழிந்து வருகின்றன. இடைசெவல் ஊரினரான கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கினார்; சொல் ஏட்டில் நிற்கும். பட்டாவை எத்துணைச் சிவப்பிற் கழற்ற வேண்டும் என்னும் அறிவோ கொல்லர் கண்ணில் மட்டுமே இருப்பது. பட்டா கழன்ற பழஞ்சக்கரங்கள் பல, களத்து வேலியோரம் சாய்ந்து, அவரைக் கொடி படரக் கிடக்கின்றன. குடத்தின் துளையில் மட்டும் பழைய மை இன்னும் கருத்திருக்கின்றது.