பெட்டி வைக்கும் பிள்ளைகளுக்கு

ஜாசின், அலோர் காஜா பக்கம் புதிதாகத் தேனீ வளர்க்க வருகிற தம்பி தங்கைகள் வந்ததுமே கேட்பது, "ஒரு பெட்டிக்கு எத்தனை கிலோ தேன் வரும்?" என்பதைத்தான். தேனை விடுங்கள். மகரந்தம் எங்கே இருக்கிறது, யார் தின்கிறார்கள் என்று முதலில் பார்க்கப் பழகுங்கள்.

1. காலையில் பெட்டி வாசலுக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். பறக்கும் வழியை மறிக்காதீர்கள். பின்னங்காலில் உருண்டை கட்டிக்கொண்டு வரிசையாக வந்து இறங்கினால், உள்ளே ராணி முட்டையிடுகிறாள், புழு வளர்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். தினமும் மூடியைத் திறந்து பார்க்கிற ஆசை வேண்டாம்.

2. சட்டத்தைத் தூக்கினால் நடுவில் முட்டையும் புழுவும் இருக்கும். அதைச் சுற்றி வளையமாக மகரந்தம், அதற்கும் மேலே தேன். செவிலித் தேனீக்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உணவு இருக்க வேண்டும், அதனால்தான் இந்த ஏற்பாடு. தேன் அறை மினுமினுக்கும். மகரந்த அறை மங்கலாகத் தெரியும், விளிம்பு வரை நிரம்பியிருக்காது. கொண்டுவந்த தேனீ அறைக்குள் பின்பக்கத்தை விட்டு, நடுக்கால்களால் உருண்டைகளைத் தள்ளிவிட்டு அடுத்த நடைக்குப் போய்விடும். வீட்டு வேலை பார்க்கும் இளந்தேனீ தலையை உள்ளே விட்டு, தேனும் எச்சிலும் சேர்த்து அதை இடித்து இறுக்கும். ஈர்க்குச்சியால் ஓர் அறையைக் கிளறிப் பாருங்கள். தட்டுத் தட்டாகப் பெயரும், பூவுக்குப் பூ நிறம் மாறியிருக்கும். இலேசாகப் புளிப்பு வாசனை வரும். அந்தப் புளிப்பும் தேனும்தான் அதைக் கெடாமல் காக்கின்றன.

3. இதைத் தின்பது பெரும்பாலும் செவிலிகள். அவை தின்று சுரக்கும் பாலில்தான் ராணியும் இளம்புழுக்களும் வாழ்கின்றன. வெளியே அலையும் மூத்த தேனீக்கள் தேனைக் குடித்துப் பறக்கும். அவை மகரந்தத்தை அதிகம் தொடுவதில்லை. மகரந்தத் தூளின் ஓட்டைத் தேனீயால் செரிக்க முடியாது. உள்ளிருக்கும் சத்து மட்டும் கரைந்து குடலில் சேரும், வெற்று ஓடு எச்சத்தோடு விழும். பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திய காரில் மஞ்சள் பொட்டுகள் விழுவது இதனால்தான். லாவோஸ், கம்போடியாவில் விழுந்த 'மஞ்சள் மழை' சோவியத் நாட்டின் இரசாயன ஆயுதம் என்று 1981-இல் அமெரிக்கா குற்றம் சாட்டியது. மாத்யூ மெசல்சன், தாமஸ் சீலி ஆகிய விஞ்ஞானிகள் 1984-இல் தாய்லாந்துக் காட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். தேனீக் கூட்டம் மொத்தமாகப் பறந்து கழிக்கும் எச்சம் அப்படித்தான் மழையாகப் பெய்கிறது என்று கண்டார்கள். பெரிய அரசாங்கமே ஏமாறுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் கோபப்படாதீர்கள்.

4. பால்மரக் காட்டை நம்பி மட்டும் பெட்டி வைக்காதீர்கள். புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் தான் சாய் யான் என்பவர் ரப்பர் நட்ட மலாக்கா மாநிலம் நம்முடையது. பால்மரம் இலையுதிர்ந்து தளிர் விடும்போது, மூன்று இலைகள் சேரும் காம்பு நுனியில் தேன் சுரக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களும் இந்தத் தேனைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அந்தக் காம்பில் மகரந்தம் கிடையாது. அடை நிறையத் தேன் இருக்கும், புழு பட்டினி கிடக்கும். தென்னை, சோளம், வரப்பில் படரும் தொட்டாற்சிணுங்கி ஆகியவைதான் அப்போது கைகொடுக்கும். புல்லுக்கு மருந்து அடிக்கும் நாளை தோட்டத்து மண்டோரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஓரத்துச் செடிகளை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினாலும் தப்பில்லை.

5. செம்பனையின் ஆண்பூ சோம்பு மாதிரி மணக்கும். அதில் தேன் இல்லை, மகரந்தம் கொட்டிக் கிடக்கும். கேமரூனிலிருந்து மகரந்த வண்டு 1981-இல் இங்கே வரும் வரை, தோட்டத்துப் பெண்கள் மரம் மரமாகப் போய் அந்தத் தூளைப் பெண்பூவில் தூவினார்கள். உங்கள் பாட்டியைக் கேட்டால் சொல்லக்கூடும். ஒரு பக்கம் பால்மரம், மறுபக்கம் செம்பனை என்று இடம் அமைந்தால் விடாதீர்கள்.

6. மழை நீண்டால் சீனித் தண்ணீர் கொடுப்பீர்கள். சரிதான், ஆனால் அது பறக்கத்தான் உதவும், புழு வளர்க்க உதவாது. மகரந்தம் தீர்ந்தால் தேனீக்கள் தங்கள் இளம்புழுக்களையே தின்னும். அதுவும் போதாமல் போனால் நம் நாட்டுத் தேனீ பெட்டியைக் காலிசெய்து ஓடிவிடும். ஆகவே தேன் எடுக்கும்போது மகரந்த அடையை அறுக்காதீர்கள். அடையோடு பிழிந்த தேன் கலங்கும், சீக்கிரம் புளிக்கும். மகரந்தம் மிஞ்சிய சட்டம் இருந்தால் நோயில்லாத பெட்டியா என்று பார்த்து, நலிந்த கூட்டத்துக்குக் கொடுங்கள். கொட்டகையில் சும்மா வைத்தால் மெழுகுப் பூச்சிக்கு விருந்து.

7. கெலுலுட், அதாவது நம்ம கொசுத்தேனீ, அறையில் வைக்காது. பிசினும் மெழுகும் கலந்து செய்த குடங்களில் தேனைத் தனியாகவும் மகரந்தத்தைத் தனியாகவும் வைக்கும். பம்பால் தேன் உறிஞ்சும்போது மகரந்தக் குடத்தைக் குத்திவிடாதீர்கள். உடைந்தால் வாசனைக்குச் சின்ன ஈ வந்து முட்டையிடும், அன்றைக்கே வழித்தெடுத்துவிட்டு மூடியின் இடுக்கை டேப் ஒட்டி அடையுங்கள்.